விமானம் ஏறும் முன் பல்லில் கை வைப்பவர்களுக்கு

வெளிநாட்டுக்கு டிக்கெட் போட்டதும், கல்யாணத் தேதி குறித்ததும் முதல் வேலையாகப் பல் டாக்டரிடம் ஓடுகிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அந்தக் கிளினிக்கின் காத்திருப்பு பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு பையன் மாப்பிள்ளையாகப் போகிறவன். ஒரு பெண் தங்கை கல்யாணத்துக்காக வந்திருந்தாள். ஒருவர் மலேசியாவிலிருந்து லீவில் வந்தவர், திரும்பும் தேதிக்குள் முடித்துக் கொடுங்கள் என்று ரிசப்ஷனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் போனது மகளின் பட்டமளிப்பு விழாவுக்காக. அவள் ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஒரு வருட எம்.எஸ்சி. முடித்திருந்தாள். அந்தப் படிப்புக்காரர்களுக்கு அங்கே பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் பட்டம் கொடுப்பார்கள். நான் டாக்டரை முதலில் பார்த்தது செப்டம்பர் கடைசியில், விழா டிசம்பர் தொடக்கத்தில். இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. “தாராளமா முடிச்சுடலாம் சார்” என்றார் டாக்டர். அவர் சொன்ன மொத்தக் கணக்கு 65,000 ரூபாய்க்குள். கடைசியில் 95,000-ஐத் தொட்டது. பணம் போனதுகூடப் பரவாயில்லை, ஊர் ஊராய் அலைந்ததும், விழா நாளன்று ஒரு பக்கத்தால் மட்டும் சாப்பிட்டதும்தான் இன்னும் ஆறவில்லை. இணையத்தில் தமிழில் தேடினால் ‘ஒரே நாளில் முத்துப் பல்’ என்கிற ரக விளம்பரங்கள்தான் வருகின்றன. எது எத்தனை நாள் பிடிக்கும், எதற்குப் பின் எது என்று சொல்ல ஆளில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தர்மபுரி மாவட்டத்துக்காரன், பென்னாகரம் பக்கம். எங்கள் வயதுக்காரர்கள் வாயைத் திறந்தாலே எந்த ஊர் என்று தெரிந்துவிடும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. பாறையிலிருந்து கரைந்து தண்ணீரில் கலப்பது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தரக் கணக்கு. எங்கள் பக்கம் பல கிணறுகளில் அது தாண்டித்தான் இருந்தது. ஈறுக்குள் நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், ஏறக்குறைய எட்டு வயது வரைக்கும், அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தால் எனாமலே சரியாக விளையாது. முதலில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும், அப்புறம் அதில் காவி ஏறும். எந்தப் பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மேலே படிந்த அழுக்காக இருந்தால்தானே போவதற்கு? ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-இல் தண்ணீர் விட்டார்கள். நல்ல விஷயம், ஆனால் எங்கள் தலைமுறைப் பல்லுக்கு அது முப்பது நாற்பது வருடம் லேட். மீசையைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டே நான் காலத்தை ஓட்டிவிட்டேன். கல்யாண ஆல்பம் முழுக்க வாயை இறுக்கி மூடித்தான் நிற்கிறேன். விசா போட்டோவில் பல் தெரியக் கூடாது என்று ஸ்டுடியோக்காரர் சொன்னபோது சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். மகள் ஒருநாள் வீடியோ காலில், “அப்பா, இங்க எல்லாரும் சிரிச்சுட்டேதான் போட்டோ எடுப்பாங்க” என்றாள். மனதில் வைத்துச் சொன்னதில்லை. ஆனால் எனக்குத் தைத்துவிட்டது. மனைவி அப்போது இடுப்பு ஆபரேஷன் முடிந்திருந்த அவள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பாலக்கோட்டில் இருந்தாள். போனில் சொன்னதற்கு, “இந்த வயசுல உங்களுக்கு என்ன மாப்பிள்ளைக் கோலம்?” என்று சிரித்தாள். ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. ஆக, ஆரம்பம் முதல் கடைசி வரை தனியாகத்தான் ஓடினேன்.

பக்கத்து நகரத்தில் நல்ல பெயருள்ள ஒரு கிளினிக். பார்த்தவுடன் மொத்த வாய்க்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். காவிப் பல்லுக்கு என்னென்ன வழி என்று டாக்டர் சொன்னார். அதை இங்கே எழுதிவிடுகிறேன், பலருக்கும் உதவும். லேசான கறை என்றால் எனாமலின் மேல்தோலை மருந்து போட்டு நுண்ணியதாகத் தேய்த்தெடுக்கலாம், அல்லது பெராக்சைடு ஜெல்லால் வெளுக்கலாம், இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். ஆழமான கறைக்கு முன்பக்கத்தில் மெல்லிய ஓடு ஒட்டுவார்கள், அதுதான் வெனீர். பல் நிறத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மாதிரியான ரெசினில் கிளினிக்கிலேயே உட்காரவைத்துச் செய்வது ஒரு ரகம், விலை குறைவு, ஆனால் சீக்கிரம் கறை பிடிக்கும். பீங்கான் வகை லேபில் செய்து வர வேண்டும், அதற்குப் பல்லை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவ வேண்டும். எனக்குப் பரிந்துரைத்தது மேல் முன்பற்கள் ஆறுக்குப் பீங்கான் வெனீர், பல்லுக்கு 9,000. கீழ் வரிசைக்கு வெளுப்பு, 8,000. கிளீனிங் 1,500. கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. இதில் எதற்கும் எதற்கும் நடுவே எத்தனை நாள் விட வேண்டும் என்பதை மட்டும் அவரும் சொல்லவில்லை, அவர் மேசையில் இருந்த வண்ண அட்டையிலும் அது இல்லை.

முதலில் கிளீனிங். வருடக்கணக்காகச் செய்யாதவன் நான். ஈறு வீங்கி, பஞ்சை வைத்து எடுத்தால் ரத்தம். பிற்பாடு இன்னொரு டாக்டர் விளக்கினார்: ஈறு ஆறி, வீக்கம் வடிந்து, தன் இடத்தில் நிலைக்க இரண்டு மூன்று வாரமாவது ஆகும். வீங்கிய ஈறோடு பல்லைச் சீவி அளவு எடுத்தால், வீக்கம் வடிந்த பிறகு வெனீரின் ஓரம் வெளியே தெரியும். ஈறின் ஓரத்தையே வெட்டிச் சீராக்குகிற வேலையும் சேர்ந்தால் இன்னும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். என் விஷயத்தில் கிளீனிங் முடிந்ததும் ஆயுத பூஜை வந்தது, அடுத்து டாக்டர் ஏதோ கருத்தரங்குக்கு வெளியூர் போனார், அதனால் ஈறுக்கு அந்த இடைவெளி தானாகக் கிடைத்தது. தற்செயலாக நடந்த ஒரே நல்ல காரியம் அது. ஆனால் காலண்டரில் அந்த நாட்கள் போனது போனதுதான்.

அக்டோபர் நடுவில் ஒரே வாரத்தில் வெளுப்பையும் பல் சீவுவதையும் வைத்தார்கள். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்கியது. கிளினிக்கில் போடும் வெளுப்பு ஜெல் வீரியமானது, பெரும்பாலும் 25 முதல் 40 சதவீதம் வரை ஹைட்ரஜன் பெராக்சைடு. ஈறில் படாமல் நீல நிறப் பசை வைத்து மறைப்பார்கள். எங்கேயாவது பட்டால் ஈறு வெள்ளையாக வெந்துபோகும், பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். அன்று இரவு என் கீழ்ப் பற்களில் நடந்ததுதான் மோசம். திடீர் திடீரென்று மின்சாரம் பாய்வது மாதிரி ஒரு வெட்டு. பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்க முடியவில்லை. சில நாளில் அடங்கிவிட்டது. பல் கூச்சத்துக்கென்று விற்கிற பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட்டை வெளுப்புக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது. அது உடனே வேலை செய்கிற சரக்கு இல்லை, தொடர்ந்து தேய்த்தால்தான் பிடிக்கும். நேரம் இருக்கிறவர்களுக்கு, டாக்டரிடம் அளவெடுத்துச் செய்த தட்டில் 10 அல்லது 16 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை வைத்து வீட்டிலேயே இரவில் போடும் முறையும் இருக்கிறது. மெதுவாகத்தான் வெளுக்கும், ஆனால் கூச்சம் குறைவு.

வெளுத்த அன்று கண்ணாடியில் பார்த்தபோது பல் பளிச்சென்று இருந்தது. அந்தப் பளிச்சை நம்பக் கூடாது. வாயை விரித்து வைத்து நேரமாவதால் பல் காய்ந்துபோகும், காய்ந்த பல் எப்போதும் கூடுதல் வெள்ளையாகத் தெரியும். ஃபுளோரைடு பல்லில் இன்னொரு வேடிக்கை, வெளுத்த புதிதில் பழைய வெள்ளைத் திட்டுகள் முன்பைவிடத் தூக்கலாகத் தெரியும், அப்புறம்தான் மங்கும். நிறம் இறங்கி ஓரிடத்தில் நிலைக்க இரண்டு வாரம் தேவை. ஒட்டு வேலைக்கும் அதே கணக்கு. பெராக்சைடின் ஆக்சிஜன் பல்லுக்குள் தங்கியிருக்கும், அது வெளியேறுவதற்குள் ரெசின் பசை போட்டால் சரியாக இறுகாது. வெளுத்த பல்லில் உடனே ஒட்டக் கூடாது என்பது இதனால்தான். என்னுடையதில் ஒட்டுவது மேல் வரிசையில், வெளுத்தது கீழ் வரிசையில், அதனால் பசைப் பிரச்சினை இல்லை. நிறப் பிரச்சினை வந்தது. கீழ்ப் பல் காய்ந்து பளிச்சென்று இருந்த அதே வாரத்தில், பல் நிற மாதிரிகள் உள்ள ஷேட் அட்டையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து மேல் வெனீருக்கு நிறம் தேர்ந்தெடுத்தார்கள். பீங்கான் ஒருமுறை சுட்டுவிட்டால் பிற்பாடு எந்த ஜெல்லாலும் அதை வெளுக்க முடியாது. பல்தான் மாறும், பீங்கான் மாறாது. ஆகவே முதலில் வெளுப்பு, அப்புறம் இரண்டு வாரம் சும்மா இருப்பது, அப்புறம் நிறம் பார்ப்பது. இந்த ஒரு வரிசையை மட்டும் யாரும் மாற்ற விடாதீர்கள்.

அடுத்தது சீவுதல். ஊசி போட்டிருந்ததால் வலி இல்லை, ஆனால் அந்தச் சத்தமும், எனாமல் பொடியும் தண்ணீரும் சேர்ந்து தொண்டைக்குள் இறங்குவதும் யாருக்கும் பிடிக்காது. நடுவில் கை காட்டி நிறுத்தச் சொல்லி, நாக்கால் தடவிப் பார்த்தேன். சொரசொரவென்று, யாருடைய பல்லோ மாதிரி இருந்தது. அந்த நிமிடம் வயிற்றைப் பிசைந்தது. சீவிய எனாமல் திரும்ப வளராது, அந்த ஆறு பல்லுக்கும் இனி ஆயுள் முழுக்க ஏதாவது ஒரு மூடி வேண்டும். பயணத்தைக் கணக்கில் வைத்துப் பார்த்தால் இதன் அர்த்தம் வேறு: கிளீனிங்கோடு நிறுத்திவிட்டு விமானம் ஏறலாம், வெளுப்போடு நிறுத்திவிட்டும் ஏறலாம், சீவிய பிறகு பாதியில் நிறுத்த முடியாது. சீவுவதற்கு முன்னால் பல்லின் மேலேயே தற்காலிக ரெசினை வைத்து, முடிந்ததும் எப்படி இருக்கும் என்று மாதிரி காட்டும் முறை ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். எனக்குக் காட்டவில்லை, அப்படி ஒன்று இருப்பதே எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

லேபிலிருந்து வரும்வரை பிளாஸ்டிக் டெம்ப்ரரி ஒட்டிவிட்டார்கள். “முன்பல்லால கடிக்காதீங்க, கெட்டியானது வேண்டாம்” என்றார்கள். எங்கள் வீட்டில் ராகிக் களிக்குப் பஞ்சமில்லை, கடிக்கவே தேவையில்லாத சாப்பாடு, உருட்டி விழுங்கினால் சரி. ஆனால் களிக்குக் குழம்பு வேண்டுமே. குழம்பென்றால் மஞ்சள். ஒரு வாரத்தில் அந்த ஆறு டெம்ப்ரரியும் மாம்பழச் சாறு பட்ட சட்டை மாதிரி மஞ்சளாகிவிட்டன. காபி, டீ வேண்டாம் என்று சொன்னவர்கள் மஞ்சள்தூளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளுப்புக்குப் பிந்தைய இரண்டு நாளுக்கும் இதே விதிதான். அந்த இரண்டு நாளைக்குத் தயிர் சாதம், இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி, பால் என்று ஓட்டிவிடுங்கள். சாம்பார், ரசம், குழம்பு எதுவும் கூடாது. இதற்கு நடுவே தீபாவளி. முறுக்கை நான் தொடவே இல்லை. யாரோ கொடுத்த மைசூர்பாகைக் கடித்தேன், அது நெய் மைசூர்பாகு இல்லை, பழைய காலத்துக் கெட்டி ரகம். இடது பக்க டெம்ப்ரரி ஒன்று கையோடு வந்துவிட்டது. கிளினிக் தீபாவளி விடுமுறை. சீவிய பல் வெறுமனே காற்றுப்பட்டு நின்றது, மூச்சை வாயால் இழுத்தால் கண்ணீர் வந்தது. விடுமுறை முடிந்து திறந்த அன்று காலை ஷட்டர் ஏறுவதற்கு முன்பே வாசலில் நின்றேன்.

லேபும் தீபாவளிக்கு மூடியிருந்தது. நம் ஊர்க் கிளினிக்குகளில் பெரும்பாலும் சொந்த லேப் கிடையாது, அளவு எடுத்து பெங்களூருக்கோ கோயம்புத்தூருக்கோ அனுப்பிவிட்டுக் கூரியருக்காகக் காத்திருப்பார்கள். “ஒரு வாரம்” என்று அவர்கள் சொன்னால், அது பண்டிகை இல்லாத வாரம், முதல் தடவையே எல்லாம் சரியாக அமைகிற வாரம். என்னுடையது நவம்பரில் வந்தது. வைத்துப் பார்த்த நாற்காலிக்கு மேலே எரிந்த விளக்கில் அழகாகத்தான் தெரிந்தது. எனக்கு என்னவோ உறுத்த, கைக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்து வெயிலில் பார்த்தேன். மேலே குளியலறை டைல்ஸ் வெள்ளை, கீழே, அதற்குள் நிறம் இறங்கிவிட்டிருந்த, இளமஞ்சள். கிளினிக்குக்குக் கீழே இருந்த டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த பையன் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முகத்தில் தெரிந்ததை எந்த ஷேட் அட்டையும் சொல்லாது. ஒட்டுவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். தற்காலிகமாக வைத்துக் காட்டும்போது திருப்பி அனுப்பலாம், ரெசின் பசை போட்டு ஒளி காட்டி இறுக்கிவிட்டால் அரைத்துத்தான் எடுக்க வேண்டும். டாக்டர் முகம் சுளித்தார், ஆனால் திருப்பி அனுப்பினார். மறுபடியும் கூரியர், மறுபடியும் காத்திருப்பு. இந்த முறை சரியான நிறத்தில் வந்தது, ஆனால் விமானத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை.

அவசரத்தில் ஒட்டினார்கள். ஒட்டிய அன்று மரத்துப்போன வாயோடு “கடிச்சுப் பாருங்க, உயரமா தெரியுதா?” என்று கேட்டால் யாருக்கு என்ன தெரியும்? நீலக் காகிதத்தை வைத்துக் கடிக்கச் சொல்லி இரண்டு இடத்தில் தேய்த்துவிட்டார்கள். மரப்பு இறங்கிய பிறகுதான் வலது பக்கம் ஒரு பல் மட்டும் முதலில் முட்டுகிறது என்று புரிந்தது. ‘ச’ சொன்னால் காற்று பிரிந்தது, ஆபீசில் ‘சார்’ என்று கூப்பிடவே கூச்சமாக இருந்தது. நாக்கு பழகச் சில நாள் ஆகும், அது போய்விடும். கடி உயரம் தானாகப் போகாது. அதற்காகத்தான் ஒட்டிய பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொல்வார்கள். எனக்கு அந்த மறுபடி வருகிற நாளில் நான் ஸ்காட்லாந்தில் இருப்பேன். அதோடு, அந்த வலது பக்கப் பல்லில் சூடு பட்டால் ஒரு மெல்லிய வலி வந்து, சூடு போன பிறகும் தங்கியது. சீவிய பல் சில நாள் கூசும் என்றுதான் சொன்னார்கள். ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: குளிர்ச்சி பட்டு உடனே மறைகிற கூச்சம் ஒரு வகை. சூட்டுக்கு வந்து நிமிடக்கணக்கில் நிற்கிற வலி வேறு வகை, அது உள்ளே நரம்பு வீங்குவதன் அறிகுறியாக இருக்கலாம், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நான் கேட்டேன். ரூட் கெனால் டாக்டர் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவார் என்றார்கள். சின்ன ஊர்க் கிளினிக்குகளில் ஸ்பெஷலிஸ்ட்கள் இப்படி வாரத்தில் ஒருநாள் வந்து போகிறவர்கள்தான். அந்த ஞாயிறு நான் பெங்களூர் விமான நிலையத்தில் இருந்தேன்.

துபாயில் மாறி கிளாஸ்கோ. பறக்கும்போது விமானத்துக்குள் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமான காற்றழுத்தம்தான் இருக்கும். ஆரோக்கியமான பல்லுக்கு அது ஒன்றும் செய்யாது. உள்ளே வீக்கமோ, சரியாக அடைபடாத இடத்தில் சிக்கிய காற்றோ இருந்தால் அழுத்தம் மாறும்போது வலிக்கும். இரண்டாம் உலகப்போர் காலத்துப் போர்விமானிகளிடமே இதைக் கவனித்திருக்கிறார்கள். எனக்கு ஏறிய அரைமணியில் ஆரம்பித்தது. பாராசிட்டமால் கைப்பையில் இருந்தது, பெட்டியில் போடாமல் விட்டது புண்ணியம். பக்கத்து இருக்கைப் பெரியவர் மலையாளத்தில் என்னென்னவோ ஆறுதல் சொன்னார், நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

கிளாஸ்கோ டிசம்பர் குளிரைப் பற்றி மகள் எச்சரித்தது காதுக்கும் கைக்கும்தான். வாயைத் திறந்தால் பல்லுக்குள் ஊசி இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? மப்ளரை மூக்குவரை சுற்றிக்கொண்டுதான் நடந்தேன். விழாவுக்கு முந்தைய நாள், அவள் அறையில் சூப்போடு கொடுத்த கெட்டித்தோல் ரொட்டியைப் பின்பல்லால்தான் பிய்த்தேன், இருந்தும் உயரமாக முட்டிக்கொண்டிருந்த அந்த வெனீர் கழன்று தட்டில் விழுந்தது. ஒட்டுவதற்கு முன் பசை பிடிக்கப் பல்லில் ஆசிட் வைத்துச் சொரசொரப்பாக்குவார்கள். ஃபுளோரைடு ஏறிய எனாமல் அந்த ஆசிட்டுக்குச் சுலபத்தில் இளகாது, சாதாரணப் பல்லைவிட அதிக நேரம் வைத்தால்தான் பசை பிடிக்கும் என்பதைப் பிற்பாடு அங்கே பார்த்த டாக்டர் சொன்னார். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துக் காவிப் பல்காரர்கள் வெனீர் போடுவதானால் இதைத் தங்கள் டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். மகளின் அறைத்தோழி சூப்பர் க்ளூ எடுத்து நீட்டினாள், நல்ல மனசு, ஆனால் அதை ஒருபோதும் செய்யாதீர்கள். உள்பக்கம் அந்தப் பசை இறுகிவிட்டால் வெனீர் திரும்பச் சரியாக உட்காராது. கழன்ற துண்டைக் கழுவி ஒரு சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள்.

அங்கே அரசாங்கப் பல் மருத்துவம் இருக்கிறது, ஆனால் சுற்றுலா விசாவில் வந்தவன் போய் நிற்கிற இடமாக அது இல்லை. மகள் போன் மேல் போன் போட்டு ஒரு தனியார் கிளினிக்கில் அவசர நேரம் வாங்கினாள். எக்ஸ்ரே, திரும்ப ஒட்டியது, கடியைச் சரிசெய்தது எல்லாம் சேர்த்து 140 பவுண்டு, நம் காசில் ஏறக்குறைய 16,000. அங்கே பார்த்த டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்விகள்: என்ன பீங்கான், என்ன பசை, பழைய எக்ஸ்ரே இருக்கிறதா? என்னிடம் இருந்தது 5,000 ரூபாய் அட்வான்ஸ் என்று பேனாவில் எழுதிய ஒரு சீட்டும், போனில் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளும்தான். நரம்பு வீங்கியிருக்கிறது, ஊருக்குப் போனதும் ரூட் கெனால் செய்துகொள் என்று சொல்லி அனுப்பினார். பயண இன்சூரன்ஸில் கேட்டேன். திடீர்ப் பல்வலிக்கு ஒரு வரம்பு வரை தருவார்கள், அழகுக்காகச் செய்த வேலையால் வந்தது என்றால் கிடையாது என்று கைவிரித்தார்கள். பாலிசியில் அது பொடி எழுத்தில் இருக்கத்தான் செய்கிறது. நீங்கள் எடுக்கிற பாலிசியிலும் பல் என்கிற பகுதியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

விழா பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தில், ப்யூட் ஹாலில் நடந்தது. மகள் பெயரைக் கூப்பிட்டபோது வலி, வெனீர் எதுவும் நினைவில் இல்லை. வெளியே வளைவுத் தூண்களுக்கு நடுவே போட்டோ எடுத்தார்கள். சிரித்தேன், பல் வெளியே தெரியத்தான் சிரித்தேன். ஆனால் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வலது கன்னம் லேசாக வீங்கியிருப்பது எனக்குத் தெரியும். விருந்தில் மகளின் நண்பர்கள் சாப்பிடச் சாப்பிட, நான் உருளைக்கிழங்கு மசியலை இடது பக்கம் ஒதுக்கி விழுங்கிக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்ததும் வேறு டாக்டரிடம் போனேன். ரூட் கெனால் 5,000, அந்தப் பல்லுக்கு மட்டும் வெனீரை எடுத்துவிட்டு ஜிர்கோனியா கேப் 9,000. கேஷுவல் லீவ் எல்லாம் தீர்ந்து மெடிக்கல் லீவில் கை வைத்தேன். இந்த டாக்டர் கொஞ்சம் பேசுகிற ஆள். நாளை எப்படிக் கணக்குப் போட வேண்டும் என்று அவரிடம் உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னதையும் நான் பட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். விமானத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒட்டிய பிறகு ஒரு மாதம் கையில் இருக்க வேண்டும். கடி உயரம், நரம்பு வலி, கழன்று விழுவது எல்லாம் பெரும்பாலும் அந்த மாதத்துக்குள் தலைகாட்டிவிடும், அப்போது செய்த டாக்டரே பக்கத்தில் இருப்பார். அதற்கு முன் லேபுக்கு மூன்று வாரம், ஒருமுறை திருப்பி அனுப்புவதையும் சேர்த்து. அதற்கு முன் வெளுப்பும் அது நிலைக்கும் காலமும், வீட்டு முறை என்றால் இன்னும் கூடுதலாக. அதற்கு முன் கிளீனிங்கும் ஈறு ஆறுவதும். எக்ஸ்ரேயில் சொத்தை தெரிந்தால் அந்த வேலை எல்லாவற்றுக்கும் முதலில். நடுவில் பொங்கலோ தீபாவளியோ ஆயுத பூஜையோ விழுந்தால் இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். எப்படிப் போட்டாலும் ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிவிடும், நான்கு மாதம் கையில் வைத்துக்கொள்வது நல்லது. ‘தாராளமா’ என்று டாக்டர் சொன்னால், ஒட்டும் தேதி என்ன, அதற்குப் பிறகு எத்தனை நாள் மிச்சம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

அவ்வளவு நாள் இல்லாதவர்கள் என்ன செய்வது? இரண்டு மாதம் இருந்தால் கிளீனிங், அப்புறம் மெதுவான வெளுப்பு, அதோடு நிறுத்திவிட்டுக் கிளம்பலாம். ஒரு மாதம்தான் என்றால் கிளீனிங்கும் இருக்கிற சொத்தையை அடைப்பதும் போதும். லேசான கறை உள்ளவர்களுக்கு அந்தக் கிளீனிங்கே பாதி வித்தியாசம் காட்டும். சீவுகிற வேலையைத் திரும்பி வந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சீவி டெம்ப்ரரியில் இருக்கும்போது பயணம் நெருங்கிவிட்டால், அவசரமாக நிரந்தரப் பசை போட வைப்பதைவிட, நல்ல டெம்ப்ரரியைப் புதிதாகப் போட்டு, அதோடு போய்வர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கைப்பையில் கூச்சப் பேஸ்ட், உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் வலி மாத்திரை, மூடியுள்ள ஒரு சின்ன டப்பா. போனில் எக்ஸ்ரே படம், ஷேட் எண், பீங்கான் பெயர், பசையின் பெயர். இதையெல்லாம் கிளினிக்கில் கேட்டால் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் பார்ப்பார்கள், ஆனால் கொடுத்துவிடுவார்கள். என் ஆபீசில் ஒருவர் பிப்ரவரியில் மகன் கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஜனவரியில் என்னிடம் அந்தக் கிளினிக்கின் நம்பர் கேட்டார். கிளீனிங் மட்டும் செய்யச் சொல்லி இன்னொரு நம்பரைக் கொடுத்தேன். மற்றதை ஆடிக்கு மேல் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார்.